புட்டியில் அடைத்த புதிய தீர்த்தம்

"குருதியில் அமிலம் மிகுந்துவிட்டது, காரநீர் பருகுங்கள், புற்றுநோயும் பறந்தோடும்!" இப்படியொரு புதுப் புராணம் கடைவீதியிலே உலா வருகிறது. செம்பிலே தந்த தீர்த்தத்தைச் சிரித்து ஒதுக்கிய இளைஞர்களும், புட்டியிலே 'ஆல்கலைன் வாட்டர்' என்றதும் காசை நீட்டுகிறார்கள். 'பி.எச்.' என்ற ஈரெழுத்து அவர்களுக்கு மந்திரமாகிவிட்டது!

மந்திரத்தை நாம் கணக்காலே சோதிப்போம். பி.எச். அளவில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். 7 நடுநிலை. இவர்கள் விற்கும் நீர் ஏறத்தாழ 9. அது முதலில் விழும் இடமோ இரைப்பை; அங்கே சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் அளவு 2-க்கு அருகில். கரைந்த உப்புகளை நீக்கிக் கணக்கிட்டால், ஒரு லிட்டர் காரநீரின் காரத்தை ஒழிக்க ஒரே ஒரு மில்லிலிட்டர் இரைப்பை நீர் போதும்! காசு கொடுத்து வாங்கிய காரம் குருதியை எட்டிப் பார்க்கு முன்பே மடிந்துவிடுகிறதே, தோழர்களே!

எட்டினாலும் என்ன? குருதியின் அளவு 7.35 முதல் 7.45 வரை. அந்தக் குறுகிய எல்லையை இரவும் பகலும் காப்பவை இரண்டு: கரியமில வாயுவை வெளியேற்றும் நுரையீரல், மிகுந்த அமிலத்தையோ காரத்தையோ சிறுநீரோடு கழிக்கும் சிறுநீரகம். "தாளை நனைத்தோம், நிறம் மாறிற்று" என்று சான்று காட்டுகிறார்கள். நனைத்தது சிறுநீரிலே! வேண்டாததை உடல் வெளியே தள்ளிவிட்டது என்பதற்கல்லவா அது சான்று?

காய்கனி நல்லுணவே, நார்ச்சத்தும் வைட்டமினும் தருவதால் நல்லது. அதைச் சொல்லப் புராணம் எதற்கு?

இது வெறும் காசுக் கேடன்று. அமெரிக்காவில் 'பி.எச். மிராக்கிள்' நூலின் வழியே இக்கொள்கையைப் பரப்பிய ராபர்ட் யங், உரிமமின்றி மருத்துவம் செய்த குற்றவாளி என்று 2016-இல் கலிபோர்னியாவில் தீர்க்கப்பட்டார். அவரை நாடிச் சென்றவர்களில் புற்றுநோயாளிகளும் உண்டு. மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாட்களை மாயநீரிலே கரைத்தவர்களுக்கு, இழந்த காலத்தை எவர் திருப்பித் தருவார்?

வேதம் சொன்னது என்றால் ஏன் என்று கேட்கிறோம். விளம்பரம் சொன்னால் மட்டும் வாய் மூடலாமா? பூணூல் அணிந்து வந்தாலும், ஆய்வுக்கூட வெள்ளை அங்கி அணிந்து வந்தாலும், பொய் பொய்யே. கேள்வி கேட்பதே பகுத்தறிவு, கடைத்தெருவிலும் கேட்போம்!