மகனே, உன்னை அழைத்தது யார்?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசிக்காரர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஐந்து கிலோ மீட்டர்தானே!

ஆனி, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். கோயில் ஆராதனை முடிந்த கையோடு, கிறிஸ்தவக் குடும்பங்களும் தூக்குச் சட்டியில் புளிச்சோற்றை எடுத்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பிவிடும். (இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களும் தங்கள் ஆலயத்தைக் "கோயில்" என்றுதான் சொல்வார்கள்.)

பேரருவிக்குக் கீழே நின்றால், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அவ்வளவு சத்தம்! ஒரு வார்த்தை பேச வேண்டுமானாலும், வெளியே வந்து, தலையைத் துவட்டிக்கொண்டுதான் பேச வேண்டும்.

அப்படி வெளியே வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, 19 வயது மகன். மகன் பாலிடெக்னிக் படிப்பை முடித்திருக்கிறான். மோட்டார் என்றால் அவனுக்கு உயிர்.

அம்மா பேச்சை எடுக்கிறாள்.

"ஏய்யா, நீ மூணு வயசுல காய்ச்சல்ல கிடந்தே. பிழைக்காதுன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி முழங்கால்ல நின்னு பொருத்தனை பண்ணினேன். 'பிள்ளையைக் காப்பாத்தும் ஆண்டவரே, உம்ம ஊழியத்துக்கே விட்டுடுதேன்'னு சொன்னேன். நீ குருவானவருக்குப் படிக்கப் போகணும்யா."

மகன் தலையைக் குனிந்துகொள்கிறான். "எனக்கு அப்படி ஒண்ணும் தோணலியே அம்மா" என்று சொல்ல வாய் வருகிறது. சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

அம்மாவுக்கும் பயம். பொருத்தனையை மீறினால் வீட்டுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம்.

அப்பா அருவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் இந்தப் பொருத்தனை கற்பனை அல்ல. நெல்லைச் சீமையில் எத்தனையோ கிறிஸ்தவ வீடுகளில் இது உண்டு. நோயில் கிடந்த பிள்ளை, வெகுநாள் கழித்துப் பிறந்த பிள்ளை, தலைப்பிள்ளை, இப்படி ஏதோ ஒன்றை ஆண்டவருக்கென்று சொல்லிவிடுவார்கள். பிள்ளை வளர்ந்த பிறகுதான் கேள்வி வரும்.

தாய் கொடுத்தாள். சரி. ஆண்டவர் அழைத்தாரா? பிள்ளைக்கு அது கேட்டதா?

அன்னாளின் மகன்

அந்தத் தாய்மார்கள் அடிக்கடி சொல்லும் கதை பைபிளில் உள்ள அன்னாளின் கதைதான். பிள்ளை இல்லாமல் அழுதவள் அன்னாள். பிள்ளை பிறந்தால் கடவுளுக்கே கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். சாமுவேல் பிறந்தான். பால் மறந்ததும் ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள்.

கதை இதோடு முடிந்துவிடவில்லை. மீதியைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

ஒருநாள் இரவு சாமுவேலைக் கடவுள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பையன் எழுந்து வயதான குரு ஏலியிடம் ஓடினான். "நான் கூப்பிடவில்லை. போய்ப் படு" என்றார் ஏலி. மறுபடியும் குரல், மறுபடியும் ஓட்டம். மூன்றாவது தடவைதான் கூப்பிடுகிறவர் யார் என்று ஏலிக்கே புரிந்தது. அடுத்த முறை குரல் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினார். பதில் சொன்னவன் சாமுவேல்!

தாயின் பொருத்தனை பிள்ளையை ஆலய வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டது. அதற்கு மேல் அவனே கேட்டான். அவனே பதில் சொன்னான். பெரியவர் பக்கத்தில் இருந்து வழி காட்டினார். அவனுக்குப் பதிலாக அவர் பேசவில்லை.

வெள்ளாளன்விளைச் சாமுவேல்

தென்காசி 2019-ம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. அந்தக் காலத்தில் தென்காசி, திருச்செந்தூர், களக்காடு எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லா. அந்த ஜில்லாவில், திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் 1874-ம் ஆண்டு ஆகஸ்ட் 17-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் அந்த ஊர்க் குருவானவர் தாமஸ் வேதநாயகம். பல ஆண்டு ஏங்கிப் பெற்ற பிள்ளை. அதனால் சாமுவேல் என்றே பெயர் வைத்தார்கள்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா!

குருவானவர் மகன், வேண்டிப் பெற்ற மகன். அடுத்த நாளே அங்கியை மாட்டிவிட்டிருப்பார்கள் என்றுதான் தோன்றும். நடந்தது வேறு.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பரீட்சை நேரத்தில் நோய் வந்தது. பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். 1895-ம் ஆண்டு ஒய்.எம்.சி.ஏ. என்ற வாலிபர் சங்கத்தில் செயலாளர் வேலையில் சேர்ந்தார். பட்டமும் இல்லை, அங்கியும் இல்லை. 14 ஆண்டுகள் சாதாரண வேட்டிக்காரராகவே ஊர் ஊராகச் சுற்றி வாலிபர்களோடு வேலை செய்தார்.

1902-ம் ஆண்டு யாழ்ப்பாணம் போனார். அங்கே அவர் பார்த்த ஒரு காரியம் மனத்தைக் குத்தியது. யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள், வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்க்காமல், தங்கள் கைக்காசைப் போட்டுக் கடல் கடந்து ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களோ எண்ணிக்கையில் எவ்வளவு பெரியவர்கள்! இவர்கள் யாரை அனுப்பினார்கள்?

ஊர் திரும்பியதும் நண்பர்களைக் கூட்டினார். 1903-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. பணம் இந்தியருடையது. ஆட்களும் இந்தியர். நிர்வாகமும் இந்தியருடையது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் பெண்களை நம்பித்தான் இப்படிப்பட்ட சங்கங்கள் நடந்தன. அடுத்த ஆண்டே முதல் ஊழியர் ஹைதராபாத் சமஸ்தானத்துத் தெலுங்கு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அசரியா மேடை மேடையாகப் பேசினார். "வாலிபர்களே, தெலுங்கு நாட்டுக்குப் போங்கள்" என்று ஆட்களைத் தேடினார்.

ஒரு நாள் அந்தப் பேச்சு அவர் மீதே திரும்பியது.

எல்லோரையும் போகச் சொல்கிறோமே, நாம் ஏன் போகவில்லை?

சின்னக் கேள்விதான். ஆனால் எவ்வளவு சங்கடமான கேள்வி! அப்போது அவருக்கு வயது 34. மனைவி அன்பு மாரியம்மாள், பிள்ளைகள். தென்னிந்தியா முழுவதும் தெரிந்த பெயர். வெளிநாட்டார் மதிக்கும் பதவி. அதை விட்டுவிட்டுப் போக வேண்டிய இடமோ டோர்ணக்கல். ஒரு ரயில்வே ஜங்ஷன். சுற்றிலும் ஏழைக் குடியானவர்களின், தாழ்த்தப்பட்ட மக்களின் கிராமங்கள். மொழி தெலுங்கு. அதைப் புதிதாகப் படிக்க வேண்டும்.

1909-ம் ஆண்டு குருப்பட்டம் பெற்றுக்கொண்டு, குடும்பத்தோடு போனார்.

மூன்று ஆண்டு கழித்து, 1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் அவரை பிஷப்பாக அபிஷேகம் செய்தார்கள். ஆங்கிலிகன் சபையில் பிஷப்பான முதல் இந்தியர் அவரே. வெள்ளைக்காரரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நம்மவரிலும் சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர் மாட்டு வண்டியில் ஏறிக் கிராமங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தார்.

பதவி பின்னால்தான் வந்தது. கேள்வி முன்னால் வந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். இன்று "எனக்கு அழைப்பு உண்டு" என்கிற சிலருக்கு முதலில் மைக் வருகிறது, பிறகு சுவரொட்டி வருகிறது. கேள்வி வருவதாகத் தெரியவில்லை!

கதவு மூடிய பெண்மணி

அழைப்பு என்பது ஒரே தடவையில் தெளிவாகக் கேட்டுவிடும் என்றும் நினைக்க வேண்டாம்.

குற்றாலத்து மலையே தெற்கே நீண்டு களக்காட்டு மலையாகிறது. அதன் அடிவாரத்தில் டோனாவூர் இருக்கிறது. அங்கே வாழ்ந்து மறைந்தவர் ஆமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்துக்காரர். 1867-ம் ஆண்டு பிறந்தவர்.

இளம்பெண்ணாக இருந்தபோதே, போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உறுதியாக வந்துவிட்டது. எங்கே போவது என்பதில்தான் தடுமாற்றம். சீனாவுக்குப் போக நினைத்தார். உடம்பு தாங்காது என்று டாக்டர் தடுத்துவிட்டார். 1893-ல் ஜப்பான் போனார், நோயில் விழுந்தார். இலங்கைக்கு வந்தார், ஊருக்குத் திரும்பினார். 1895-ம் ஆண்டு நவம்பரில்தான் இந்தியாவில் கால் வைத்தார். பிறகு நெல்லைச் சீமைக்கு வந்து தமிழ் படித்தார்.

வந்த நோக்கம் என்ன? கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களிடம் பிரசங்கம் செய்வது. தமிழ்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வண்டி கட்டிப் போய்க்கொண்டிருந்தார். வேலையும் நன்றாக நடந்தது.

1901-ம் ஆண்டு மார்ச் மாதம். பண்ணைவிளையில் தங்கியிருந்தார். பெருங்குளத்தில் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதற்காக வைத்திருந்த வீட்டிலிருந்து, சுமார் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று தப்பி ஓடி வந்தது. ஒரு கிறிஸ்தவப் பெண் அதை ஆமியிடம் கொண்டுவந்து விட்டாள்.

குழந்தை அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது!

அப்புறம் இன்னொரு குழந்தை. பிறகு இன்னொன்று. 1904-ம் ஆண்டில் 17 குழந்தைகள். பிரசங்கத்துக்கு எப்படிப் போவது? கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும். நகம் வெட்ட வேண்டும். ராத்திரி விழித்திருக்க வேண்டும். பிள்ளை தாயின் காலைக் கட்டிப்போடும் என்பார்களே, அப்படியே அவர் காலைக் கட்டிப்போட்டார்கள்.

இதற்காகவா கடல் தாண்டி வந்தோம் என்று அவருக்கும் தோன்றியது. சீடரின் காலைக் கழுவ இயேசு துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டதை நினைத்துக்கொண்டார். வண்டிப் பயணம் குறைந்தது. டோனாவூர் ஒரு பெரிய வீடானது.

குழந்தைகளைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் நெடுங்காலம் போராடினார்கள். தம் வீடு தேடி வந்த பெண்களுக்காகச் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கியவரும் அந்த டாக்டரம்மாதான். அவர் கிறிஸ்தவர் அல்ல. வாசலில் வந்து நிற்கும் குழந்தைக்கு மதம் ஏது? 1947-ம் ஆண்டு சட்டம் வந்தது. அதைப் பார்க்க ஆமியும் உயிரோடு இருந்தார். 1951-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி டோனாவூரிலேயே காலமானார். அவர் விருப்பப்படி கல்லறைக் கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அதில் "அம்மா" என்று மட்டும் எழுதினார்கள்.

பிரசங்கியாக வந்தவரை அம்மா ஆக்கியது எந்தக் குரல்? அவருக்குச் சீனா தெரிந்தது, ஜப்பான் தெரிந்தது. மடியில் ஏறி உட்காரப்போகும் குழந்தை மட்டும் தெரியவில்லை.

அங்கி இல்லாத ஊழியம்

மறுபடியும் டோர்ணக்கலுக்கு வருவோம். அங்கே பிஷப் அசரியா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவரும் தம் தலையில் தாமே கையை வைத்துக்கொள்ள வேண்டும். சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்குக் கேடு என்று தம் வாயாலேயே சொல்ல வேண்டும். புனித பவுல் தம்மைப் பற்றி எழுதிய வார்த்தை அது.

சொன்னவர்கள் யார்? மாடு மேய்க்கிறவர், செருப்புத் தைக்கிறவர், வயலில் கூலி வேலை செய்கிற பெண். அவர்களில் யாரும் செமினரிக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் அதே மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அதே வயலில் நாற்று நட்டார்கள். அவர்கள் வாழ்ந்த வாழ்வைப் பார்த்து அடுத்த தெரு வந்தது. அடுத்த ஊர் வந்தது. 1945-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அசரியா மறைந்தபோது, அந்தத் திருமண்டலத்தில் 2 லட்சத்துக்கு மேல் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். குருமார்கள் மட்டும் உழைத்து இவ்வளவு பேர் சேரவில்லை.

குற்றாலத்து அம்மாவுக்கு இது ஆறுதலாக இருக்கலாம். ஊழியத்துக்கு விடுகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். இந்த வேலைக்கு, இந்த அங்கிக்கு என்று அன்று அவள் சொல்லவில்லை. மோட்டார் பழுது பார்க்கிறவன் பொய்க் கணக்கு எழுதாமல், தெரியாதவனை ஏமாற்றாமல், மழையில் வண்டி நின்றுபோன ஏழைக்கு ராத்திரியில் எழுந்து போனால், அந்தப் பொருத்தனை பொய்த்ததாக யார் சொல்ல முடியும்?

மனமில்லாத பிள்ளையைக் குருத்துவத்துக்கு அனுப்புவதால் அவன் ஒருவன் மட்டும் கெடுவதில்லை. அவனை நம்பி ஒரு சபையே இருக்கிறது. சாவு வீட்டில் ஆறுதல் சொல்ல வேண்டியவன், நோயாளி பக்கத்தில் உட்கார வேண்டியவன், உள்ளே ஒன்றும் இல்லாமல் வந்து நின்றால் அந்த ஜனங்கள் என்ன செய்வார்கள்?

அதே சமயம், பிள்ளையும் "எனக்குத் தோன்றவில்லை" என்று ஒரே வார்த்தையில் எழுந்து போய்விடக் கூடாது. அம்மாவின் கண்ணீர் சும்மா வந்தது அல்ல. நாலு பேருக்கு என்ன தேவை என்று பார்க்கட்டும். ஊரில் ஏலியைப் போல ஒரு பெரியவர் இருந்தால் அவரிடம் மனம் விட்டுப் பேசட்டும். வீட்டு வாசலில் யாராவது வந்து நின்றால் கதவைத் திறக்கட்டும்.

அப்பாவும் அருவியைப் பார்த்தது போதும். வாயைத் திறந்து, "நீ என்னய்யா நினைக்கே?" என்று மகனிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். இத்தனை நேரத்தில் அதை யாருமே கேட்கவில்லை.

உடனே பதில் வராவிட்டால் கவலை இல்லை. வெள்ளாளன்விளைச் சாமுவேலுக்குத் தெலுங்கு நாட்டுக்குப் புறப்பட 34 வயது ஆயிற்று. இந்தப் பையனுக்கு இப்போது 19தான்.