மலைக் கிராமங்களில் குளிர்காயும் கணப்பு

நீலகிரி ஜில்லாவில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுவதைக் குடியானவர்கள் நன்கறிவர். குழாய்வழி எரிவாயு எட்டாத கிராமங்களில் குளிருக்கு எதைக் கைக்கொள்வது? கரிச்சட்டி மலிவானதே; ஆயினும் அடைத்த அறையில் அதனை வைத்து உறங்குதல் உயிருக்கே கேடாம். அதினின்றெழும் கார்பன் மோனாக்சைடு வாயு நிறமும் மணமும் அற்றது; உறங்குவோர் அறியாமலே மாள்வர். மின்சாரக் கணப்புக்குப் புகையில்லை. ஆனால் 2 கிலோவாட் கணப்பு மணிக்கு 2 யூனிட் கொள்ளும்.

சொந்த நிலத்தில் சீகையும் கற்பூர மரமும் உடையோர்க்குப் புகைபோக்கி பொருத்திய இரும்படுப்பே உசிதமென்பது எமது அபிப்பிராயம். வெட்டுமுன் 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி வேண்டிய அனுமதி பெறுக. ஈரவிறகின் சூடு நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகுமாதலால், பிளந்து கூரையின்கீழ் ஓராண்டு உலர்த்துக. புகைபோக்கியில் படியும் கரியை ஆண்டுதோறும் நீக்குக. கிராம உத்தியோகஸ்தர்கள் இவற்றைப் பனிக்காலத்திற்கு முன்னரே குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாக.