வில்பத்து: மாலை ஆறு மணிக்குப் பிறகு

வில்பத்துக்குப் போய் வந்தோம் என்று சொன்னால் எல்லாரும் கேட்கிறது ஒரே கேள்விதான்: "சிறுத்தை கண்டீங்களா?"

காணேல்ல. போன மே மாதம் நாலு பேர் ஒரு ஜீப் பிடிச்சு, காலை ஆறு மணிக்கு எலுவங்குளம் வாசலால் உள்ளே போனோம். ஒரு வில்லுக் கரையில் மான் கூட்டம் நின்றது. வில்லு என்றால் மழைநீர் தேங்கும் இயற்கைக் குளம். கடலை விட்டுத் தள்ளி இருந்தாலும் சில வில்லுகளில் தண்ணி உப்பாகவே இருக்கும். பாலைமரத்துக்குக் கீழே ஒரு கரடி, எங்களைக் கணக்கிலேயே எடுக்காமல் பழம் பொறுக்கித் தின்றது. கூட வந்த ஒருத்தன் மட்டும், "மச்சான், காசு வீண்" என்று பின்னேரம் வரை முணுமுணுத்தான்.

மாலை ஆறு மணிக்குப் பூங்காவை விட்டு வெளியேற வேண்டும். சட்டம் அப்படி. எங்கட பயணம் உண்மையில் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அன்றைக்கு அமாவாசையை ஒட்டிய இரவு. எலுவங்குளத்தில் கூட்டாளியின் மாமா வீட்டு முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்தோம். ஒன்பது மணியளவில் தெற்கே தென்சிலுவை நிமிர்ந்து நின்றது. அதே நேரத்தில் வடக்கே சப்தரிஷி மண்டலம். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட 8 பாகை உயரத்தில்தான் இருக்கும், மரங்கள் மறைத்துவிட்டன. ஐரோப்பாவில் இருக்கிறவனுக்குத் தென்சிலுவை இல்லை, ஆஸ்திரேலியாவில் இருக்கிறவனுக்குத் துருவ நட்சத்திரம் இல்லை. புத்தளத்தானுக்கு ரெண்டும் இருக்கு. முணுமுணுத்தவன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன்? எங்களில் பலருக்கு வில்பத்து ஒரு காடு இல்லை, ஒரு சண்டை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கு. போர் முடிந்து முசலிப் பக்கம் திரும்பிப் போனபோது, விட்டுவந்த நிலங்கள் பலவற்றைக் காடு மூடியிருந்தது. மீள்குடியேற்றத்துக்காக மரம் வெட்டியது வழக்கானது. அந்தக் காடழிப்பு சட்டவிரோதம், மீண்டும் காடு வளர்க்க வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது. பேஸ்புக்கில் ஒரு பக்கம் "காட்டை அழிக்கிறாங்க" என்றது. மறுபக்கம் "எங்கட ஊரைப் பறிக்கிறாங்க" என்றது. சர்ச்சைக்குரிய நிலம் தேசியப் பூங்காவின் எல்லைக்கு வடக்கே, வெளியே இருக்கிறது என்பதைக்கூட வரைபடத்தில் பார்க்காமல் ரெண்டு பக்கமும் கத்தியது. நானும் கத்தினேன். அப்போது நான் வில்பத்துக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

போனால் என்ன தெரியும்? இது யாரோ ஒருவருடைய காடு இல்லை என்று தெரியும். பூங்காவுக்குள்ளே பொம்பரிப்பில் இரும்புக்கால மனிதர் தம் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள், நம் ஆதிச்சநல்லூரில் செய்ததைப் போல. கடலோரம் செம்மண் மேடாகக் குதிரைமலை. பள்ளேகண்டலில் காட்டு நடுவே அந்தோனியார் கோயில். 1938 இல் தேசியப் பூங்கா ஆன இடம், போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்து, 2010 இல் மறுபடி திறந்தது. எல்லாருக்கும் இதில் பங்கு இருக்கு.

நிலச் சிக்கல் லேசில் தீராது. வீடு இழந்தவனுக்கும் நியாயம் வேண்டும், காட்டுக்கும் நியாயம் வேண்டும். ஆனால் இருட்டு அப்படி இல்லை. இருட்டைக் காப்பாற்ற ஒரு குடும்பத்தைக்கூட எழுப்பத் தேவையில்லை. வானத்தைப் பார்த்து எரிகிற விளக்கைக் கீழே திருப்பினால் போதும். அன்று இரவு தெற்கே புத்தளம் டவுன் பக்கம் வானம் வெளுத்துத்தான் கிடந்தது. காட்டோரத்தில் புதுசாக முளைக்கிற விடுதிகளும் 'இயற்கையோடு தங்குங்கள்' என்று சொல்லிக்கொண்டே மரத்துக்கு மரம் பல்ப் கட்டுகின்றன. இரவில் இரை தேடும் கரடிக்கும், பூச்சிக்கும், ஆந்தைக்கும் அது தொந்தரவு. எங்களுக்கு அது வானத்தையே இழப்பது.

ஆகவே போங்க. அமாவாசை பார்த்துப் போங்க. ஜீப்காரரைச் சிறுத்தைக்காக விரட்டச் சொல்லாதீங்க. இரவில் ஊர்க்காரர் துணையில்லாமல் வெளியே அலையாதீங்க, யானை வரும். தங்குகிற இடத்தில் "லைட்டை அணைக்கலாமா?" என்று கேளுங்க. நாலு பேர் கேட்டால் சிரிப்பாங்க, நானூறு பேர் கேட்டால் அணைப்பாங்க.

திரும்பி வந்ததும் உம்மா கேட்டது அதே கேள்விதான். "சிறுத்தை காணேல்ல உம்மா. ஆனா இருட்டைக் கண்டோம்" என்றேன். அடுத்த அமாவாசைக்கு அவங்களும் வாறாங்களாம்.