தொடாதே என்று சொல்லாத நூதனசாலை

நூதனசாலை என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன கண்ணாடிப் பேழைகளும், அவற்றின்மீது காணப்படும் 'தொடாதீர்கள்' என்ற அறிவித்தலுமே. பண்டைச் சிலைகளையும் செப்பேடுகளையும் பேணுதற்கு அவ்விதி தகும். விஞ்ஞானத்தைக் கற்பித்தற்கும் அது தகுமா? தகாது எனத் துணிந்து, தம் இறுதி மூச்சுவரை அத்துணிவுக்கே உழைத்தார் ஓர் அமெரிக்கப் பேரறிஞர்.

அவர் பெயர் பிராங் ஒப்பன்ஹைமர். அணுக்குண்டு ஆக்கத்தில் விஞ்ஞானிகளுக்குத் தலைமை தாங்கிய றொபேட் ஒப்பன்ஹைமரின் இளைய சகோதரர். 1912 இல் நியூயோர்க்கிற் பிறந்த அவர், 1939 இல் பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். யுத்தகாலத்தில் தமையனாரோடு அணுக்குண்டு வேலையில் ஈடுபட்டு, 1945 யூலை 16 இல் நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்தில் நிகழ்ந்த முதற் பரிசோதனையையும் நேரிற் கண்டார். பின்னர் மின்னெசோட்டாச் சர்வகலாசாலையில் அண்டக் கதிர்களை ஆராய்ந்துவந்தார்.

1949 இல் அவ்வாழ்வு சரிந்தது. தாமும் மனைவியும் முன்னர்ப் பொதுவுடைமைக் கட்சியில் அங்கம் வகித்ததை, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவின்முன் அவர் ஒப்புக்கொண்டார். இரண்டாண்டுகட்கு முன் இதனை மறுத்திருந்தமையால் அவர் சொல்லின்மீதிருந்த நம்பிக்கையும் கெட்டது. எனினும் ஏனைய தோழர்களின் பெயர்களைச் சொல்லுமாறு குழு வற்புறுத்தியபோது அவர் இணங்கவில்லை. சர்வகலாசாலைப் பதவி பறிபோயிற்று. ஆய்வுகூடத்தில் இருக்கவேண்டியவர் கொலராடோ மாநிலத்து மலைப்புறத்தில் மாடு வளர்க்கலானார்.

மேய்ச்சல் நிலத்திற் கழிந்த அவ்வாண்டுகள் வீண்போகவில்லை. 1957 இல் அயலிலிருந்த பகோசா ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரின் பாடசாலை அவரை விஞ்ஞான ஆசிரியராக ஏற்றது. அவர் மாணவரை ஊர்க் குப்பைமேட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கு எறியப்பட்டுக் கிடந்த இயந்திரப் பாகங்களைக்கொண்டே பொறிகளின் இயக்கத்தையும் வெப்பத்தையும் மின்சாரத்தையும் விளக்கினார். 1959 இல் கொலராடோச் சர்வகலாசாலையிற் சேர்ந்தபின், நூல்நிலையத்தில் நூல்களை எடுத்துப் படிப்பதுபோல மாணவர் தாம் விரும்பிய வேளையிற் செய்து பார்க்கத்தக்க பரிசோதனைகளை வரிசையாக அமைத்தார். 1965 இல் ஐரோப்பா சென்று அங்குள்ள விஞ்ஞான நூதனசாலைகளைக் கண்டபோது, இத்தகைய வாய்ப்பு மாணவர்க்கு மட்டுமன்றிப் பொதுமக்கள் அனைவர்க்கும் கிட்டவேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

அவ்வெண்ணம் 1969 இல் எக்ஸ்புளோறட்டோரியம் என்னும் பெயரோடு உருப்பெற்றது. சன் பிரான்சிஸ்கோ நகரில் 1915 ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக எழுப்பப்பட்ட பெருமண்டபமே அதன் இல்லமாயிற்று. காட்சிப் பொருள்களை ஆக்கும் பட்டறையும் மண்டபத்தினுள்ளேயே, வருவோர் கண்முன் இயங்கியது. விளக்கம் கூறுவோராக உயர்தர வகுப்பு மாணவர் சம்பளத்துடன் அமர்த்தப்பட்டனர். அவர்கள் மாட்டின் கண்ணை அறுத்து, அதனுள்ளிருக்கும் வில்லையை எடுத்துச் சிறுவர்க்குக் காட்டினர்.

அங்குள்ள காட்சிகளுள் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒளியின் ஒரு பகுதியைத் தெறிக்கச்செய்து மறுபகுதியை ஊடுருவவிடும் கண்ணாடித் தகடொன்றின் இருபுறமும் இருவர் அமர்கின்றனர். நம் பக்கத்து விளக்கைக் கூட்டினால் நம் முகம் தெரிகின்றது. குறைத்தால் எதிரே இருப்பவர் முகம் தெரிகின்றது. இரண்டையும் சமன்செய்தால் இருமுகமும் ஒருமுகமாய்க் கலக்கின்றன. ஒளித்தெறிப்பின் விதியை ஏட்டிற் படித்தவன் பரீட்சை முடிந்ததும் மறத்தல் கூடும். இங்ஙனம் கண்டவன் மறப்பானா?

இத்தகைய காட்சிகளை ஆக்கும் முறைகளை அவர் மறைத்துவைக்கவில்லை. சமையற் குறிப்புகள் போல அவற்றை நூல்களாக வெளியிட்டு, பிறநாட்டாரும் செய்துகொள்ள வழிவகுத்தார். ஒரு காலத்தில் அணுக்குண்டின் இரகசியத்தைக் காத்தவர், பின்னர் தாம் அறிந்த யாவற்றையும் உலகுக்குத் திறந்து வைத்தார். 1985 பெப்ரவரி 3 இல் மறையும்வரை அவரே அதன் பணிப்பாளராயிருந்தார். 2013 இல் அந்நிறுவனம் அந்நகரின் துறைமுக மேடையொன்றுக்கு இடம்பெயர்ந்தது. தொட்டறியும் முறை மட்டும் மாறவில்லை.

நூதனசாலையில் எவரும் 'பெயில்' ஆவதில்லை என்பது அவர் வற்புறுத்திய கருத்து. பரீட்சைப் புள்ளிகளே கல்வி என மயங்கும் நம்மவர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். பழுதான மணிக்கூட்டைப் பிள்ளை கழற்றிப் பார்க்கின்றான் எனின், பெற்றோரே, வைவதற்கு முன் சற்றே பொறுங்கள். அவன் நூலிற் படித்தது உண்மைதானா என்று தன் கையாலே கேட்டுக்கொண்டிருக்கின்றான்.