திருத்திய பின் ஐந்து நாள்

மணிக்கூட்டைத் திருத்தக் கொடுத்தவர் கடைக்கு வருகிறார். அது ஓடிக்கொண்டிருக்கிறது. கையை நீட்டுகிறார். திருத்துபவரோ, “பொறுங்கள் ஐயா, இன்னும் ஐந்து நாள் வைத்துப் பார்த்துத் தருகிறேன்” என்கிறார். ஓடுகின்ற மணிக்கூட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

திருகோணமலை போன்ற துறைமுகப் பட்டினத்தில் மணிக்கூட்டின் முதற்பகை உப்புக்காற்றே. மூடியின் இடுக்கால் ஈரம் புகுந்தால் எஃகு உறுப்புகளில் துரு ஏறும். திருத்துபவர் கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்தி, சாமணத்தால் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவி, ஊசிமுனையளவு எண்ணெய் இடுகிறார். மணிக்கூடு ஓடத் தொடங்குகிறது. ஆனால் ஓடுவது வேறு, ஒழுங்காக ஓடுவது வேறு. ஆகையால் அதைப் படுக்கவைத்தும் நிமிர்த்தி வைத்தும், நாள்தோறும் எத்தனை வினாடி முந்துகிறது, பிந்துகிறது என்று குறித்துக்கொள்கிறார்.

இதன் அருமையைக் கடலோடிகள் நன்கறிவர். 1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்தது நமது துறைமுகம். வானொலிக்கு முந்திய காலத்தில், நடுக்கடலில் நெடுங்கோட்டைக் கணிக்க மாலுமிக்கு மணிக்கூடே பெருந்துணை. புவி 4 நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. ஆகவே பூமத்திய ரேகையை அண்டிய நம் கடலில் 4 வினாடிப் பிழை ஏறத்தாழ ஒரு கடல்மைல் பிழையாகும். நாளொன்றுக்கு 10 வினாடி பிந்தும் மணிக்கூடு 30 நாளில் ஏறத்தாழ 75 கடல்மைல் தவறச் செய்துவிடும்.

எனினும் மாலுமி அதனை வீசிவிடவில்லை. நாள்தோறும் தவறாமல் 10 வினாடியே பிந்துமாயின், அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டான். இன்று 2 வினாடி, நாளை 12 வினாடி என்று மாறும் மணிக்கூட்டுக்கே அவன் அஞ்சினான். 1761ஆம் ஆண்டில் ஜோன் ஹரிசனின் கடல் மணிக்கூடு யமேக்காவுக்குப் பயணமானபோது, அதன் நாளாந்தப் பிழையும் குறிக்கப்பட்டிருந்தது. அதைக் கணக்கிட்டுப் பார்த்ததில், 81 நாளுக்குப்பின் 5 வினாடியே பிந்தியிருந்தது.

இன்று கப்பல்களுக்குச் செயற்கைக்கோள்கள் வழிகாட்டுகின்றன. பழுதானதை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதும் எளிதாகிவிட்டது. ஆயினும் தந்தையார் கட்டியிருந்த கைக்கடிகாரத்துக்குப் புதியது ஈடாகுமா?

மாணவர்களே, வீட்டில் ஊசல் மணிக்கூடு இருந்தால், ஒரு வாரம் காலைதோறும் கைத்தொலைபேசி நேரத்துடன் ஒப்பிட்டு எழுதி வாருங்கள். பிழை நாள்தோறும் ஒரே அளவானால், ஊசற்குண்டைச் சிறிது உயர்த்துங்கள், விரையும், தாழ்த்துங்கள், பிந்தும். பிழை நாளுக்கு நாள் மாறினால் திருத்துபவரிடம் கொண்டு செல்லுங்கள். அவர் கேட்கும் ஐந்து நாளையும் மனமுவந்து கொடுங்கள்.