பென் டிரைவில் சர்வரா? கொஞ்சம் நில்லுங்க சாமி!

டிஸ்கி: இது கொஞ்சம் காரமான பதிவு. "எனக்கு நாலு வருஷமா நல்லாத்தானே ஓடுது" என்று ஆரம்பிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டு வாருங்கள். உங்களுக்கென்றே தனியாக ஒரு பத்தி ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

எங்கள் வகுப்பில் இப்போது வீட்டுக்கு வீடு சர்வர் சீசன். அப்பா ஓரங்கட்டிய பழைய லேப்டாப், அண்ணன் விட்டுச்சென்ற பொட்டி, எது கிடைத்தாலும் லினக்ஸ் போட்டு, இரண்டு ஹார்ட் டிஸ்கைச் சொருகி, போட்டோவும் படமும் அதில் ஏற்றி, "நான் கூகுளை நம்பறதில்ல மச்சி" என்று திரிகிறோம். நல்ல விஷயம்தான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் இந்தக் கூட்டத்துக்குள் ஒரு வேதவாக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது பாருங்கள், அதன் மேல்தான் என் கோபம் எல்லாம்.

"ஓஎஸ்ஸுக்கு எதுக்குடா தனி டிஸ்க்? ஒரு பென் டிரைவ்ல போடு. டேட்டா எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல தானே இருக்கு? பென் டிரைவ் செத்தா வேற ஒண்ணு வாங்கி அரை மணி நேரத்துல திரும்பப் போட்டுக்கலாம்."

எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். கேட்டேன். அனுபவித்தேன். சொல்கிறேன்.

என்னுடைய சர்வர், திரை உடைந்த ஒரு பழைய லேப்டாப். 8 ஜிபி ராம். 16 ஜிபி பென் டிரைவில் டெபியன். (எந்தக் கம்பெனி பென் டிரைவ் என்று கேட்காதீர்கள், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இதே கதைதான்.) லேப்டாப் என்பதால் பேட்டரியே யூபிஎஸ். கரண்ட் போனாலும் ஒன்றரை மணி நேரம் தாங்கும். பொட்டி மாதக்கணக்கில் நிற்காமல் ஓடியது. காலர் கொஞ்சம் தூக்கித்தான் இருந்தது.

2024 ஏப்ரல் 19ஆம் தேதி புது 2 டிபி டிஸ்க் ஒன்றைச் சேர்த்தேன். வீட்டில் திருட்டுப் போனால் என்ன செய்வது என்ற முன்யோசனையில் அதை என்கிரிப்ட் செய்தேன். கரண்ட் போய் வந்தால் அம்மா பாஸ்வேர்டு அடிக்க முடியாதே! அதனால் பாஸ்வேர்டே வைக்காமல், ஒரு கீ ஃபைல் மட்டும் உருவாக்கி ஓஎஸ்ஸுக்குள் வைத்தேன். பொட்டி எழுந்தால் அதுவே பூட்டைத் திறந்துகொள்ளும். என்னே அறிவு என்று நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். பிறகு முக்கியமானதையெல்லாம் அந்த டிஸ்குக்கு மாற்றினேன்.

மே 27, மத்தியானம் ஆரம்பித்த மின்வெட்டு நாலு மணி நேரம் நீண்டது. பேட்டரி காலி. கரண்ட் வந்ததும் பொட்டி சமர்த்தாக எழுந்தது. லாகின் ஆனது. புது டிஸ்க் மட்டும் திறக்கவில்லை. கீ ஃபைல் இல்லை. கீ ஃபைல் வைத்திருந்த ஃபோல்டரே இல்லை. ஏப்ரல் இறுதியில் போட்ட இரண்டு மென்பொருள்களும் இல்லை. லாக் ஃபைலைத் திறந்தால், மே மாதம் என்ற ஒன்றே அதில் கிடையாது. கடைசி வரி ஏப்ரல் 11.

புரிகிறதா? அந்த பென் டிரைவ் ஏப்ரல் 11ஆம் தேதியே எழுதுவதை நிறுத்திவிட்டது. ஆனால் நிறுத்தியதைச் சொல்லவில்லை. லினக்ஸ் எழுது என்றபோதெல்லாம் "எழுதிட்டேன் சார்" என்று தலையாட்டிவிட்டுத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறது. எழுதியதெல்லாம் ராமில் கேஷாக இருந்ததால், திரும்பக் கேட்டபோது ராமிலிருந்தே பதில் வந்தது. எல்லாம் சரியாக இருப்பது போலவே ஆறரை வாரம் ஓடியிருக்கிறது. கரண்ட் போனது, ராம் காலி, குட்டு வெளிப்பட்டது.

இதுதான் பென் டிரைவின் சாவு. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் டக் டக் என்று சத்தம் போடும். எஸ்எஸ்டியிடம் ஸ்மார்ட் என்று ஒரு ஜாதகம் இருக்கிறது: எவ்வளவு எழுதியாயிற்று, எவ்வளவு தேய்ந்தது, எத்தனை பிளாக் கெட்டது என்று கேட்டால் சொல்லும். சாதாரண பென் டிரைவில் பெரும்பாலும் அந்த ஜாதகமே கிடையாது. ஒன்று திடீரென்று கண்ணுக்கே தெரியாமல் போகும், இல்லையென்றால் ரீட்-ஒன்லி ஆகும், அதுவும் இல்லையென்றால் இப்படிப் பொய் சொல்லும். மூன்றில் முதலாவது நடந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

சரி, ஏன் சாகிறது? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். (கணக்கு அலர்ஜி உள்ளவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.) நாண்ட் ஃப்ளாஷில் ஒரு பைட்டை மட்டும் அழித்து எழுத முடியாது. எழுதுவது பேஜ் பேஜாக, அழிப்பது பிளாக் பிளாக்காக. பேஜ் சில கேபி, பிளாக் சில எம்பி. ஈஎக்ஸ்டி4 சும்மா இருந்தாலே, ஏதாவது மாறியிருந்தால் 5 நொடிக்கு ஒருமுறை ஜர்னலை டிஸ்கில் இறக்கும். சர்வரில் எப்போதும் ஏதாவது மாறிக்கொண்டேதான் இருக்கும். ஒரு நாளைக்கு 17,280 முறை. மலிவு கன்ட்ரோலர் ஒவ்வொரு முறையும் 4 எம்பி பிளாக் ஒன்றை அழித்து எழுதுகிறது என்று வையுங்கள், நாளொன்றுக்கு 69 ஜிபி தேய்மானம். நீங்கள் உண்மையில் எழுதியது சில எம்பிதான்! டிஎல்சி வகை ஃப்ளாஷ் ஒரு பிளாக்குக்கு 1,000 முறை தாங்கும் என்று வைத்தால், 16 ஜிபி பென் டிரைவின் மொத்த ஆயுள் 16 டிபி. வகுத்துப் பாருங்கள், 231 நாள். ஏழரை மாதம். ஏழரை என்று வந்தது தற்செயல்தான், ஜோசியம் இல்லை :-)

இது மோசமான பக்கத்துக் கணக்கு என்பது எனக்கும் தெரியும். நல்ல கன்ட்ரோலராக இருந்தால் இதைவிட ரொம்ப நாள் வரும். ஆனால் அட்டையின் பின்னால் எந்த கன்ட்ரோலர், எந்த வகை ஃப்ளாஷ் என்று போட்டிருக்கிறதா? ஒரே பெயரில், ஒரே மாடலில் வாங்கிய இரண்டு பென் டிரைவுக்குள் வேறு வேறு சில்லு இருக்கலாம். அது ஃபைல் தூக்கிக்கொண்டு போகச் செய்த பொருள். பிராஜெக்ட் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போக. அதை 24 மணி நேரமும் லாக் எழுத வைத்துவிட்டு, செத்ததும் கம்பெனியைத் திட்டுவது நியாயமே இல்லை. மொபெட்டில் மணல் லோடு அடித்துவிட்டு ஆக்ஸில் உடைந்தது என்று அழுகிற கதை.

இப்போது அந்த "நாலு வருஷமா ஓடுது" அண்ணன்களுக்கான பத்தி.

அண்ணே, நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் பொட்டியில் என்ன ஓடுகிறது என்று மட்டும் சொல்லுங்கள். அன்ரெய்டா? அது பென் டிரைவிலிருந்து எழும், ஆனால் எழுந்ததும் மொத்த ஓஎஸ்ஸும் ராமுக்குப் போய்விடும். பென் டிரைவில் மிச்சம் இருப்பது செட்டிங்ஸும் லைசென்ஸும்தான். ஆல்பைன் லினக்ஸை டிஸ்க்லெஸ் முறையில் ஓட்டுகிறீர்களா? அதுவும் அப்படியே, நீங்களாகக் கட்டளை கொடுத்தால் ஒழிய பென் டிரைவில் எதுவும் எழுதாது. ஸ்மார்ட்ஓஎஸ்ஸும் அந்த ஜாதிதான். இவையெல்லாம் நாலு வருஷம் ஓடுவதில் ஆச்சரியம் இல்லை. காலையில் ஒருமுறை படிக்கிறது, அவ்வளவுதான். உங்கள் அனுபவம் உங்கள் ஓஎஸ்ஸின் புத்திசாலித்தனத்துக்கு சர்டிபிகேட், பென் டிரைவுக்கு இல்லை. அந்த சர்டிபிகேட்டை டெபியன் போடுகிற ஒரு பச்சைப் பிள்ளையிடம் காட்டி "நீயும் போடு" என்கிறீர்கள் பாருங்கள், அதுதான் தப்பு.

"பூட் டிவைஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலையைப் போட்டுக் குழப்பியதுதான் இந்த வினைக்கெல்லாம் காரணம். பூட் செய்வது வேறு, அதிலேயே குடியிருப்பது வேறு. பென் டிரைவ் சத்திரம். ராத்திரி வந்து காலையில் கிளம்பினால் ஒரு பிரச்சனையும் இல்லை. அங்கேயே அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தினால்தான் கூரை ஒழுகுகிறது.

இது ஏதோ என் ஒருவன் பொட்டியின் பிரச்சனை என்று நினைக்க வேண்டாம். பெரிய பெரிய டேட்டா சென்டர்களே இதில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐயைப் பல வருடம் எஸ்டி கார்டிலும் பென் டிரைவிலும் போட்டு ஓட்டினார்கள். கம்பெனியே அனுமதித்த முறை அது. இதற்கென்றே உள்ளே எஸ்டி கார்டு சொருக இடம் வைத்து சர்வர்கள் விற்றார்கள். எழுந்ததும் பெரும்பாலும் ராமில் ஓடியதால் தாங்கியது. 2020 ஏப்ரலில் 7.0 வந்தது. டிஸ்கைப் பிரித்துவைக்கும் முறையையே மாற்றினார்கள். லாக், க்ராஷ் டம்ப் முதலியவை எல்லாம் சேர்ந்து ஒரே பகுதிக்குப் போயின, பூட் டிவைஸில் எழுதும் வேலை கூடியது. அதுவரை ஒழுங்காக ஓடிய கார்டுகள் மடமடவென்று விழ ஆரம்பித்தன. 2021 அக்டோபரில் வந்த 7.0 அப்டேட் 3-ல், பென் டிரைவையும் எஸ்டி கார்டையும் மட்டும் நம்பி ஓட்டுவது கைவிடப்படுகிற முறை என்று கம்பெனியே அறிவித்தது. கார்டு மாறவில்லை, எழுத்து வேலைதான் மாறியது. என் கட்சிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஃப்ரீநாஸ் கதையும் இதே மாதிரிதான். ஒரு காலத்தில் பென் டிரைவில் போடுவதுதான் அதன் அழகே. இமேஜ் ரீட்-ஒன்லியாக உட்கார்ந்திருக்கும். 2014 டிசம்பரில் வந்த 9.3-ல் பூட் டிவைஸையும் இசட்எஃப்எஸ் ஆக்கினார்கள். வசதி கூடியது, எழுத்தும் கூடியது. ட்ரூநாஸ் என்று பெயர் மாறிவிட்ட அதே மென்பொருள் இன்று பென் டிரைவ் வேண்டாம், எஸ்எஸ்டி போடு என்கிறது. ஆனால் பழைய காலத்து அறிவுரை மட்டும் பேய் மாதிரி இன்னும் சுற்றுகிறது. மென்பொருள் மாறிவிட்டது, வேதவாக்கு மாறவில்லை.

"இரண்டு பென் டிரைவ் வாங்கி மிரர் பண்ணிட்டா?" என்று ஒரு புத்திசாலி கேட்டான். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பாக்கெட்டில் வாங்கிய இரட்டையர். இரண்டிலும் அதே எழுத்து, அதே அளவு, அதே மே மாத வெயில். ஒன்று போன பிறகு மற்றது மட்டும் எத்தனை நாள் இருக்கும்?

யூஎஸ்பி போர்ட்டின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பழைய லேப்டாப்பில் கழற்றிய சின்ன எஸ்எஸ்டியை யூஎஸ்பி-சாட்டா கேபிளில் மாட்டி அதே போர்ட்டில் சொருகுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். இப்போது என் பொட்டி அப்படித்தான் ஓடுகிறது. எஸ்எஸ்டி விலை ஏறியிருக்கிறது, காசு இல்லை என்றால் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள், ஸ்மார்ட் பார்த்து வாங்குங்கள். அதற்கும் வழியில்லை, பென் டிரைவ்தான் கதி என்றால் ராமில் ஓடுகிற ஓஎஸ்ஸாகப் போடுங்கள். லாகை ராமுக்கு மாற்றுங்கள். மாதம் ஒருமுறை வேண்டுமென்றே பொட்டியை அணைத்துப் போட்டு, நேற்று எழுதியது இன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நான் இதை ஒருமுறை செய்திருந்தால் ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும்.

"கீ ஃபைலுக்கு காப்பி எடுக்காதது உன் தப்புதானே?" ஆமாம். நூற்றுக்கு நூறு என் தப்பு. வாங்கிக்கொள்கிறேன். ஆனால் "டேட்டா ஹார்ட் டிஸ்க்ல தானே இருக்கு" என்று சொன்னவர்களே, இப்போது அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லிப் பாருங்கள். டேட்டா ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது. பத்திரமாக. ஒரு பிட் கூடக் கெடவில்லை. திறக்கத்தான் முடியவில்லை. சாவி, செட்டிங்ஸ், யாருக்கு எந்த ஃபோல்டர் என்ற கணக்கு, பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் எல்லாம் ஓஎஸ் பக்கத்தில்தான் குடியிருக்கின்றன. அரை மணி நேரத்தில் ஓஎஸ்ஸைத் திரும்பப் போட்டுவிடலாம் என்பது உண்மை. போட்டேன். இருபத்தைந்து நிமிடம்தான் ஆனது.

அந்த டிஸ்கில் இருந்தது, இரண்டு லீவில் அப்பத்தாவை உட்கார வைத்துப் பதிவு செய்த பதினோரு மணி நேரப் பேச்சு. தாலாட்டு, ஊர்க் கதை, பஞ்ச காலத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்பது, தாத்தாவோடு போட்ட சண்டை. அப்பத்தா அந்த வருஷம் ஜனவரியில் தவறிப்போனார். போனில் இடம் இல்லை என்று, டிஸ்குக்கு மாற்றிய மறுநாளே போனில் இருந்ததை அழித்துவிட்டேன். சித்தப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பிய மூன்று துண்டுகள் மட்டும் தப்பின. மொத்தம் நாலு நிமிடம் சொச்சம்.

டிஸ்கை இன்னும் தூக்கிப் போடவில்லை. ஷெல்ஃபில் இருக்கிறது. அப்பா மட்டும் அவ்வப்போது, "அது எப்பவாவது திறக்குமாடா?" என்று கேட்பார். பார்க்கலாம்ப்பா என்பேன்.