தன் வழக்கிற்குத் தானே சாட்சியா?



சாட்சியம் பற்றிய ஃபிக்ஹுப் பாடத்தில் மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் விதி ஒன்று உண்டு. தனக்கே ஆதாயம் தேடித்தரும் சாட்சியத்தை ஒருவர் கூறினால், காழி அதை ஏற்கமாட்டார். பத்து திர்ஹம் வழக்கிற்கும் இவ்விதி பொருந்தும். ஆனால் நிலத்தையும் காற்றையும் நஞ்சாக்கும் அணு ஆயுதச் சோதனைகளில், குண்டை வெடித்த இராணுவமே சாட்சி, அதுவே நீதிபதி, ஆவணங்களைப் பூட்டிவைப்பதும் அதுவே. இது அநீதி அன்றி வேறென்ன?

அல்ஜீரியாவைப் பாருங்கள். சஹாராவில் அணுகுண்டுச் சோதனை நடத்த வேண்டாம் என்று ஐ.நா. பொதுச்சபை 1959 நவம்பரில் பிரான்ஸைக் கேட்டுக்கொண்டது. மூன்றே மாதங்களில், 1960 பிப்ரவரி 13 அன்று, ரெக்கான் பகுதியில் ஹிரோஷிமா குண்டைவிட நான்கு மடங்குக்கும் மேல் வலிமையுள்ள குண்டை பிரான்ஸ் வெடித்தது. 1966 வரை நடந்தவை மொத்தம் 17 சோதனைகள். அவற்றுள் 11, அல்ஜீரியா 1962 ஜூலையில் விடுதலை பெற்ற பின்னர் நடந்தவை. விடுதலைக்கான எவியான் ஒப்பந்தமே அதற்கு இடமளித்தது.

1962 மே 1 அன்று, இன் எக்கர் மலைக்குள் வெடித்த குண்டின் கதிரியக்கம் சுரங்கத்தைப் பிளந்துகொண்டு வெளியேறியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த இரு பிரெஞ்சு அமைச்சர்களும் தப்பியோட நேர்ந்தது. அவர்களுக்கு ஓட வாகனம் இருந்தது. அச்சுற்றுவட்டாரத்தில் ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்ந்த துவாரெக் மக்களுக்கு என்ன இருந்தது?

பிரெஞ்சுப் படை வெளியேறியபோது, கதிரியக்கம் படிந்த கருவிகளையும் கழிவுகளையும் மணலில் புதைத்துச் சென்றது. பின்னாளில் ஏழை மக்கள் அந்த உலோகங்களைத் தோண்டியெடுத்துப் பயன்படுத்தினர். எங்கெங்கே எவையெவை புதைந்துள்ளன என்பதை முழுமையாகச் சொல்லுங்கள் என்று அல்ஜீரிய மக்கள் பல்லாண்டுகளாகக் கேட்கின்றனர். பிரான்ஸ் 2008இல் இயற்றிய ஆவணக் காப்பகச் சட்டமோ, அணு ஆயுதங்களை உருவாக்கவும் பயன்படுத்தவும் உதவக்கூடிய ஆவணங்களை என்றென்றைக்கும் மூடிவைக்கிறது.

இது ஒரு நாட்டின் குற்றம் மட்டுமன்று. மருத்துவமனையிலும் மின்நிலையத்திலும் உள்ள கதிரியக்கப் பொருளை ஐரோப்பாவின் யுராட்டம் ஒப்பந்தம் கண்காணிக்கிறது. ஆனால் இராணுவப் பயன்பாடுகளுக்கு அவ்வொப்பந்தம் பொருந்தாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2005இல் பிரிட்டன் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. சீருடை அணிந்துவிட்டால் கதிரியக்கம் தீங்கற்றதாகி விடுமா?

"நாட்டின் பாதுகாப்புக்கு இரகசியம் தேவை" என்பர். குண்டு செய்யும் முறையை எதிரியிடமிருந்து மறைக்கட்டும், ஆட்சேபமில்லை. குப்பை புதைத்த இடத்தை ஆடு மேய்ப்பவனிடமிருந்து மறைப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? "அது பழங்கதை" என்றும் சிலர் கூறுவர். சஹாரா மணலில் சிதறிய புளூட்டோனியத்தில் பாதி சிதைவதற்கே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். மண்ணுக்கு இது பழங்கதை அன்று.

முதல் வெடிப்புக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2010இல் பிரான்ஸ் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் இருந்ததை நோயாளி நிறுவ வேண்டும். கூடாரத்தில் பிறந்து கூடாரத்தில் மடிந்த நாடோடி எந்த ஆவணத்தைக் காட்டுவார்? மண்ணைத் தூய்மைப்படுத்தும் கடமையைப் பற்றியும் அச்சட்டம் பேசவில்லை.

நாம் கேட்பது மூன்று. புதைத்த இடங்களின் வரைபடம் வெளியிடப்பட வேண்டும். தீங்கிழைத்தவரே செலவேற்று நிலத்தைத் துப்புரவாக்க வேண்டும். இராணுவத்துக்குக் கட்டுப்படாத ஆய்வாளர், எந்த நாட்டு இராணுவத்தின் கதிரியக்கத்தையும் அளக்கும் அதிகாரம் பெற வேண்டும்.

பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பாழாக்கியவர் சீருடை அணிந்திருந்தாலும் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும். மறுமையில் அந்தக் கணக்கு எப்படியும் உண்டு. அதற்காக இம்மையில் கேட்காமல் இருந்துவிட நமக்கு அனுமதியில்லை.